இயக்குநர் ராஜலட்சுமியைச் சாதியோடு சேர்த்து வாசிப்போம்

எங்கள் மாலைநேர வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார்: தமிழில் முதலில் படம் இயக்கிய பெண் யார்? பானுமதி என்றார் ஒருவர். சாவித்திரி என்றார் இன்னொருவர். பானுமதி இயக்கிய 'சண்டிராணி' வந்தது 1953இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், 'மிஸ் கமலா' வந்துவிட்டது. கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி என எல்லாமே ஒருவர்தான்: டி. பி. ராஜலட்சுமி.

1911இல் தஞ்சைப் பகுதியில் பார்ப்பனக் குடும்பமொன்றில் பிறந்தவர். பத்து வயதுகூட நிரம்பும் முன்பே கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பினார். தந்தையும் இறந்துபோக, பிழைப்புக்காகத் தாயோடு திருச்சிக்கு வந்து நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையேறும் பெண்ணை அன்றைய சமூகம் எந்தப் பெயர் சொல்லி அழைத்தது என்பது நமக்குத் தெரியும். உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு சிறுமியின் வாழ்க்கையைக் குலைத்த கல்யாணம் அவர்களுக்குச் சாஸ்திரம்; அவள் உழைத்துச் சாப்பிட்டது மட்டும் அவமானம். சாதியின் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி அவர்தான். பிறகு, தான் எழுதிய 'கமலவல்லி' நாவலையே 'மிஸ் கமலா'வாக எடுத்தார். படக்கம்பெனியும் சொந்தம்: ஸ்ரீ ராஜம் டாக்கீஸ். அடுத்தவர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவது ஒன்று. என்ன கதை சொல்வது, கேமராவை எங்கே வைப்பது என்று தானே முடிவெடுப்பது வேறொன்று. பெண்களுக்கு அந்த இரண்டாவது இடம் இன்றும் எளிதாகக் கிடைப்பதில்லை. அவரை இயக்குநராகப் பேசாமல் 'முதல் கதாநாயகி' என்று சொல்லி முடித்துக்கொள்கிறவர்கள் மீது எங்களுக்குக் கோபம் உண்டு.

ஆனால் தோழர்களே, இதோடு நிறுத்தினால் பாதி வரலாறுதான் கையில் இருக்கும். ஏறக்குறைய அதே காலத்தில், திருவனந்தபுரத்தில், மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமாரன்' திரையிடப்பட்டது. ஜே. சி. டேனியல் எடுத்த அந்தப் படத்தின் கதாநாயகி பி. கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். நடித்தது நாயர் பெண்ணாக. தான் நடித்த படத்தைப் பார்க்கக்கூட அவரை அனுமதிக்கவில்லை. ஆதிக்கச் சாதியினர் திரையின் மீது கல்லெறிந்தார்கள். அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் லாரி ஒன்றில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பினார். லாரி ஓட்டியவரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். அதன்பின் ஒரு படத்திலும் நடிக்கவில்லை.

ஒருவரின் துயரத்தைத் தராசில் வைத்து இன்னொருவருடையதைக் குறைப்பது நம் வேலையில்லை. ராஜலட்சுமியை விரட்டிய சாதிக்கட்டுப்பாடும் ரோசியை விரட்டிய தீயும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவைதான். சாதி தன் வீட்டுப் பெண்ணைப் பூட்டி வைக்கிறது, சேரிப் பெண்ணை ஊரைவிட்டே துரத்துகிறது. ஆனாலும் ஒதுக்கப்பட்ட ராஜலட்சுமிக்கு மேடை இருந்தது. நாவல் எழுதும் படிப்பு இருந்தது, ஒரு நாள் சொந்தக் கம்பெனியும் அமைந்தது. ரோசிக்கு ஒரே ஒரு வேடம்தான் வாய்த்தது. அதற்கும் விலை கேட்டார்கள். 'நடிகை இயக்குநரானார்' என்று எழுதும்போது, அந்த வழியின் முதல் படியிலேயே அடித்து விரட்டப்பட்டவரையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறோம்.

'மிஸ் கமலா'வின் படச்சுருள் இன்று இல்லை. 'விகதகுமாரன்' படச்சுருளும் இல்லை. ராஜலட்சுமியின் படங்களுக்கு விளம்பரமும் புகைப்படங்களும் எஞ்சியிருக்கின்றன. ரோசியின் பெயரைத் தேடி எடுப்பதற்கே பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அடுத்த முறை நடக்கும்போது வாசிப்பு வட்டத்திலிருந்து எல்லோரும் சேர்ந்து போகலாம் என்றிருக்கிறோம். கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.