கருவிவழித் தரையிறக்க முறை (ஐ.எல்.எஸ்.)

மூடுபனியோ கனமழையோ பூமியை மறைத்து, ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத வேளையிலும், விமானியை ரேடியோ அலைகளின் சகாயத்தால் அப்பாதையின் வாயில்வரை பத்திரமாக அழைத்து வரும் சாதனத் தொகுதி.

இதன் பிரதான அங்கங்கள் இரண்டு. ஓடுபாதையின் கடைக்கோடிக்கு அப்பால் நிறுவப்படும் லோக்கலைசர், 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், இறங்க வரும் விமானிக்கு இடப்புறம் 90 ஹெர்ட்ஸ் சமிக்ஞையும் வலப்புறம் 150 ஹெர்ட்ஸ் சமிக்ஞையும் மேலோங்குமாறு அலைகளைப் பரப்புகிறது. இரண்டும் சமமாகும் ரேகையே பாதையின் நடுக்கோடாதலால், விமானத்திலுள்ள கருவியின் முள் மத்தியில் நிற்குமாயின் திசை தவறவில்லை என்பது நிச்சயம். பாதையின் தொடக்கத்துக்கு அருகே, பக்கவாட்டில் நிற்கும் கிளைடு ஸ்லோப், 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இதே தத்துவத்தைக் கையாண்டு, சாதாரணமாக 3 பாகைச் சரிவில் விமானம் இறங்கி வருமாறு வழிகாட்டுகிறது.

அலைவரிசையைத் தேர்ந்தவுடன், பெரும்பாலும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்துக்குரிய இரு குற்றொலிகளில் தொடங்கும் மோர்ஸ் அடையாளத்தைச் செவிமடுத்து, அது தாம் நாடிய ஓடுபாதைக்கு உரியதே என்று விமானி உறுதி செய்துகொள்வது அத்தியாவசியம்.

1938 ஜனவரி 26ஆம் தேதி, வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானமொன்று, பிட்ஸ்பர்க் நகரில் பனிப்புயலுக்கு இடையே இம்முறையைக் கொண்டு இறங்கியது, விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தில் சிறப்பிடம் பெற்ற சம்பவமாகும்.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு: முதலாம் வகையைச் சேர்ந்த அமைப்பில், சாதாரணமாக 200 அடி உயரத்துக்கு இறங்கிய பின்பும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தென்படாவிடில், விமானி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்பியே தீர வேண்டும்.