நாவின் அடியில் நின்ற கத்தி

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவின் மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ஏறத்தாழ 936–1013) இயற்றிய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பாகங்களைக் கொண்டது. அதன் இறுதிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். அதில் இடம்பெற்ற கருவிகளின் படங்களைப் போற்றுவோர் பலர். அவர் எந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தார் என்பதைக் கவனித்தோர் குறைவு.

நாவின் அடியில் எழும் கட்டி பற்றி அதில் ஒரு சிறு அத்தியாயம் உண்டு. அந்தக் கட்டிக்கு அரபு மருத்துவர் இட்ட பெயர் தவளை என்று பொருள்படும். நோயாளியைச் சூரிய ஒளியை நோக்கி அமர்த்தி, வாயைத் திறக்கச் செய்து பார்க்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். கட்டி வெண்மை சார்ந்து நீர்ப்பசையுடன் இருந்தால் கொக்கியால் பற்றி, மெல்லிய கத்தியால் சுற்றிலும் விடுவித்து எடுக்கலாம். குருதி பெருகினால் அதை நிறுத்தும் பொடியைத் தூவிவிட்டு மீண்டும் தொடரலாம். கறுத்து, இறுகி, உணர்வற்றிருந்தாலோ தொடவே கூடாது, அது ஸரத்தான். (அரபியர் இந்நோயில் நண்டைக் கண்டனர், தமிழர் புற்றைக் கண்டனர்.) தொடக்கநிலையில், முழுவதும் அகற்றத்தக்க இடத்தில் இருக்கும் புற்றை அறுக்கலாம் என ஒப்புக்கொள்ளும் அவர், முற்றிப் பெருத்ததைத் தாமும் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்தியதைக் கண்டதுமில்லை என்று பதிவு செய்கிறார்.

இதை அச்சமென்று கொள்வதற்கில்லை. நாவின் இருபுறமும் தமனிகள் ஓடுகின்றன. மயக்கமருந்து இல்லாத காலத்தில், அறுபட்ட நாவின் குருதி மூச்சுக்குழலில் இறங்கினால் நோயாளி மேசையிலேயே மடிவார்.

ஐரோப்பாவில் இத்தடை மெல்ல விலகியது. 1836இல் பிரான்சின் ரூ, உதட்டையும் கீழ்த்தாடையையும் நடுவே பிளந்து நாவை அடைந்தார். 1846இல் ஈத்தர் மயக்கம் வந்தது. மான்செஸ்டரின் வைட்ஹெட் வாய்வழியாகவே கத்தரிக்கோலால் நாவை அகற்றினார். பெர்ன் நகரின் கோக்கர் 1880இல் வெளியிட்ட முறையோ தாடையின் கீழ், கழுத்து வழியாகச் செல்வது. தமனியை முதலில் கட்டிவிட்டு, அங்குள்ள சுரப்பிகளையும் சேர்த்தே எடுத்தார். நாவில் தோன்றிய நோய் கழுத்தில் குடியேறுகிறது என்ற உண்மைக்கு அறுவை மருத்துவம் அளித்த மதிப்பு அது. அமெரிக்காவின் கிரைல் 1906இல் கழுத்து நிணநீர்க் கணுக்களை முழுத்தொகுதியாக அகற்றும் முறையை விரிவாக வெளியிட்டார்.

கழுத்தில் நோய் வெளிப்படாதபோதும் அதை அறுக்க வேண்டுமா என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் வலுவான விடை தந்தது. தொடக்கநிலை வாய்ப்புற்றில், முதல் அறுவையோடு கழுத்துக் கணுக்களையும் அகற்றியோரில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 விழுக்காடு. கழுத்தில் நோய் தெரிந்தபின் அகற்றியோரில் 67.5 விழுக்காடு. ஆய்வுக்கு உட்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் நாப்புற்று நோயாளிகள்.

இன்று சிறு புற்று வாய்வழியே, சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நலமான தசையுடன் அகற்றப்படுகிறது. பெரியதற்குத் தாடை பிளக்கும் வழியோ கழுத்துவழியோ தேவைப்படலாம். இழந்த நாவின் இடத்தை முன்கைத் தோலைக் குருதிநாளங்களுடன் எடுத்துப் பொருத்தி நிரப்புவர். சீன மருத்துவர்கள் 1981இல் வெளியிட்ட முறை இது. கழுத்தின் பெருந்தமனியை முற்றிலும் வளைத்துக்கொண்ட புற்றின் மீது இன்றும் பெரும்பாலும் கத்தி வைக்கப்படுவதில்லை.