பம்ப் வந்தது, சரிவு போனது

லண்டனின் ஹரோ, வெம்பிளிப் பக்கம் ஹீற்றிங் வேலைக்குப் போனால் நான் முதலில் பொயிலரைப் பார்ப்பதில்லை. கீழ்த்தளத்துச் சுவரோரமாகக் குனிந்து ட்ரெயின் கொக்கைத் தேடுவேன். ஹீற்றிங் தண்ணீரை வடிக்கும் விரல் நீளப் பித்தளைச் சாமான் அது. ஹோஸ் பைப் மாட்ட ஒரு வால், ஸ்பனர் பிடிக்க ஒரு சதுரத் தலை, அவ்வளவுதான். அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டுக்கு ஹீற்றிங் எந்தக் காலத்தில் வந்தது, போட்டவர் நிதானக்காரரா அவசரக்காரரா என்பதெல்லாம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பம்ப் இல்லாத காலத்தில் தண்ணீரைச் சுற்ற வைத்தது அதன் நிறைதான். 60 பாகைத் தண்ணீரைவிட 80 பாகைத் தண்ணீர் நூற்றில் ஒரு பங்களவே நிறை குறைந்தது. அந்த ஒரு பங்கை நம்பித்தான் விக்ரோறியா காலத்துத் தேவாலயங்களும் பெரிய மாளிகைகளின் கண்ணாடித் தோட்டங்களும் குளிர்காலத்தைக் கடந்தன. கண்ணாடித் தோட்டங்களில் நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் ஓடியது. இவ்வளவு பலவீனமான விசைக்குக் குழாய் மேடுபள்ளமாக ஓடினால் ஆகாது. சூடான குழாய் சீராக ஏற வேண்டும், ஆறின குழாய் சீராக இறங்க வேண்டும், பொயிலர் எல்லாவற்றுக்கும் கீழே நிலவறையில் இருக்க வேண்டும். ஆகவே பொயிலரின் அடியில் ஒரு கொக்கைத் திறந்தால் கட்டடம் முழுவதும் வடிந்துவிடும். தண்ணீர் சுற்றுவதற்காக வைத்த சரிவு வடிவதற்கும் உதவியது. அதற்கென்று யாரும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இதைக் குழப்பியது பம்ப். 1950களில் லெதர்ஹெட்டில் இருந்த நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கம், சிறு மின் பம்பால் அரை அங்குலக் குழாய்களுக்குள் தண்ணீரைத் தள்ளும் முறையை வளர்த்தெடுத்தது. அதற்குப் பிறகு குழாய் எங்கும் போகலாம்: மேலே ஏறலாம், கதவைச் சுற்றலாம், மறுபடி கீழே விழலாம். சாதாரண வீடுகளுக்குள் ஹீற்றிங் வந்ததே இதனால்தான். ஆனால் அணைத்ததும் தண்ணீர் தானாகத் திரும்பி வரும் வழி இல்லாமற் போனது.

மிச்சத்தைச் செய்தது கொங்கிறீற். போருக்குப் பிறகு மரத்துக்குத் தட்டுப்பாடு. புதிய வீடுகளின் கீழ்த்தளத்தைக் கொங்கிறீற்றால் நிரப்பினார்கள். 1930களில் எழுந்த ஹரோ வீடுகளில் கீழேயும் பெரும்பாலும் பலகைத் தரை என்பதால் குழாயை அதற்கடியில் ஓடவிடலாம். ஒரு கொக் போதும், பலகையைக் கிளப்பித் தேட வேண்டியதுதான் தொல்லை. கொங்கிறீற் வீட்டில் அது முடியாது. மேல்மாடிப் பலகைக்கு அடியில் குழாயை ஓட்டி, கீழ்த்தள றேடியேற்றர் ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து இரண்டு கால்களை இறக்கினார்கள். அப்படி இறங்கிய ஒவ்வொரு சோடியும் ஒரு தனிக் கிணறு. பொயிலரடியில் எவ்வளவு வடித்தாலும் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கொக் வேண்டும்.

செய்யவில்லை. ஏனென்றால் எல்லாம் ஒரேயடியாக வந்தது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைப்பனிக்குப் பிறகு 1956 இல் தூய காற்றுச் சட்டம். நிலக்கரி அடுப்பின் மதிப்பு இறங்கியது. 1962-63 இல் 1740க்குப் பிறகு காணாத குளிர். 1965 இல் வடகடலில் எரிவாயு அகப்பட்டு, 1967 இல் கரைக்கு வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் நாடு முழுவதும் அடுப்பும் பொயிலரும் புதிய வாயுவுக்கு மாற்றப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் பத்தில் நாலு வீட்டில்கூட இல்லாத ஹீற்றிங், நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. 1965 இல் றொடீசியா தன்னிச்சையாகப் பிரிந்ததும் செம்பு விலை ஏற, சில வீடுகளில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டார்கள். 1970களில் 8, 10 மில்லிமீற்றர் மெல்லிய செம்புக் குழாயைச் சுவர்ப் பூச்சுக்குள் புதைத்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்தவருக்கு ஒரு கொக்கென்பது பித்தளை, ஒரு ‘ரீ’ இணைப்பு, கொஞ்ச நேரம். புதிய ஹீற்றிங்கை அடுத்த வாரம் யாரும் வடிக்கப்போவதில்லை. வடிக்கப்போகிறவன் இருபது வருடம் கழித்து வருகிற வேறொருவன். அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. அந்தக் கூலியில் நானும் வைத்திருக்கமாட்டேன்.

அந்த வேறொருவனின் வேலை இப்படித்தான் போகும். கூரைக்குள் இருக்கும் சின்னத் தாங்கியின் குறுக்கே ஒரு தடியை வைத்து மிதவையைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கீழே வடிக்க வடிக்க மேலே நிரம்பிக்கொண்டே இருக்கும். காற்று உள்ளே போக மேல்மாடி றேடியேற்றர்களின் மூக்கைத் திறக்க வேண்டும். பிறகு இருக்கிற ஒரே கொக்கைத் திருகினால், சொட்டும் வராது. பல வருடம் வெந்து இறுகிய றபர் வொஷர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்; கம்பியால் குத்தினால்தான் விடும். மலிவான வகையென்றால் வால் வழியே போக வேண்டியது தலையைச் சுற்றிப் பீறிடும். அதற்குத்தான் பி.எஸ். 2879 தரத்தில் ஏ வகை என்று கசிவடைப்போடு ஒன்று இருக்கிறது. விலை வித்தியாசம் ஒரு கோப்பிக் காசு. பி வகையை இன்னும் யார் வாங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

“தம்பி, இந்தத் துண்டுச் சாமானுக்கோ இவ்வளவு?” என்று, புதிய கொக் வைக்கும் கூலியைச் சொன்னதும் கேட்பார் வீட்டுக்கார அன்ரி.

“சாமானுக்கில்லை அன்ரி, அதை வைக்கிறதுக்கு முதல் வீட்டுத் தண்ணி முழுக்க இறக்கவேணும்.”

மூன்று அறை வீடென்றால் அது நூறு லீற்றர் அளவில் வரும், கரிய நிறத்தில், பெரும்பாலும் வெளிர்நிறக் கம்பளத்தைத் தாண்டி. அந்தக் கறுப்பு றேடியேற்றர் இரும்பு அரித்து உண்டான இரும்பொட்சைட்டு. பழைய வார்ப்பிரும்புப் பொயிலர் அதைக் கண்டுகொள்ளாது. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலும் கட்டாயமான கண்டென்சிங் பொயிலர்களின் உள்வழிகள் ஒடுக்கமானவை. சேறு அடைத்தால் பொயிலர் செத்துவிடும். அதனால் பொயிலர் மாற்றும்போதெல்லாம் பழைய குழாய்களை அலசித் துடைக்கும் வழக்கம் வலுத்தது. ஐம்பது வருடம் முன்பு தவிர்த்த கொக்குகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக வீடுகளுக்குள் வந்து சேர்கின்றன.

சுவரை உடைக்க விரும்பாதவர்களுக்கு றேடியேற்றரின் ஒருபக்க வால்வையே வடிகொக் சேர்ந்த வால்வாக மாற்றிவிடலாம். இப்போது வெப்பப் பம்ப் போடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான். குறைந்த சூட்டில் ஓடும் அதற்குப் பெரிய றேடியேற்றர் வேண்டும். எப்படியும் பழையதைக் கழற்றத்தான் போகிறார்கள், அன்றைக்கே வால்வையும் மாற்றட்டும், ஏ வகையாகவே மாற்றட்டும்.