கர்க்கடக இருள்

வடபுலத்து நாடுகளில் பனிக்காலத்தின் நெடிய இருள் மக்களின் மனத்தையும் வாட்டுகின்றது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்மன் ரோசெந்தால் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இதனைத் தனியொரு நோயாக விளக்கி, ஒளியையே அதற்கு மருந்தாகக் கூறினர்.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துக் கொல்லயிலில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அங்கு இருள் மார்கழியில் வருவதன்று. ஆடியில் மழைமுகிலோடு வருவது. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டின் இறுதித் திங்களாகிய கர்க்கடகம் அதுவே. பழைய நெல் தீர்ந்திருக்கும். புது நெல் வந்திராது. மழையால் கூலி வேலையும் இராது. ஆதலின் அதனைப் 'பஞ்சக் கர்க்கடகம்' என்றனர்.

முன்னோர் இதனைத் தனித்திருந்து தாங்கவில்லை. திங்கள் பிறக்குமுன் வீட்டைத் துப்புரவாக்கி, மூதேவியைப் போக்கிச் சீதேவியை அழைத்தனர். நவரை அரிசியோடு மருந்துச்சரக்குச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினர். அந்தியில் விளக்கேற்றி, எழுத்தச்சனின் இராமாயணத்தை ஒருவர் படிக்க ஏனையோர் கேட்டனர். அமாவாசையன்று இறந்தோர்க்கு நீர்க்கடன் ஆற்றி, துயரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கினர்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, மழை பிரியவில்லை.

கஞ்சியும் விளக்கும் உளநோயைத் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. சோர்வு இரு வாரங்கள் நீடித்தால் மருத்துவரை நாடுதலே முறை. ஆயினும், சோர்ந்தவரைச் சோம்பர் என்று இகழாமல் விளக்கருகே அழைத்து அமர்த்திய அந்தப் பண்பை நாம் இழத்தல் ஆகாது.