அப்பத்தாவுக்கு ஒரு படம்

   

'பழைய சின்னங்களை வாழ வைத்தது கேமராவே' என்கிறது எதிரணி. 'இல்லை, மனிதனின் அக்கறையே' என்று சொல்ல வந்திருக்கிறோம் நாங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவின் படம் ஒன்று தொங்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை. கண் மட்டும் மூடியிருக்கும். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, அப்பத்தா தூங்கிக்கிட்டே படம் எடுத்துக்கிட்டாங்களா?" அப்பா சொன்னார்: "இல்லடா... செத்ததுக்கப்புறம் எடுத்தது." எழுபது வருஷம் அந்த வீட்டில் நடமாடிய மனுஷி. இருக்கும்போது ஒரு படம் எடுக்கணும்னு யாருக்கும் தோணலை!

ஐயா, ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அமராவதி ஸ்தூபிக்கும் இதே கதைதான்.

ஸ்தூபி என்றால் என்ன? புத்தர் பெருமானின் எலும்பு, சாம்பல் போன்ற புனிதப் பொருள்களை உள்ளே வைத்து, மேலே அரைக்கோளமாக எழுப்பிய மேடு. அந்தப் புனிதப் பொருள்களைத் தாது என்பார்கள். அதனால் தாதுகோபம் என்றும் அதற்குப் பெயர். அமராவதியில் அதன் குறுக்களவு சுமார் 50 மீட்டர். சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய வேலி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உளி வேலை!

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே புது ஊர் கட்டினார் ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு. ஊர் கட்டக் கல் வேண்டும். பக்கத்திலே கல் மேடு இருக்கிறது. தோண்டினார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் கண்ணுக்கு அது வெறும் கல், அவ்வளவுதான்! நில அளவை செய்த காலின் மெக்கன்சி 1816-இல் மறுபடி வந்து பார்த்தபோது, ஸ்தூபியின் நடுவே குளம் வெட்டியிருந்தார்கள். தம் ஆட்களை வைத்து, எஞ்சிய கற்களைப் படமாக வரையச் சொன்னார். அதில் உள்ள சில கற்களை இன்றைக்குப் படத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். கற்கள் போயே போய்விட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போன கற்களும் உண்டு.

1845-இல் வால்டர் எலியட் தோண்டினார். கிடைத்த சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. வந்து என்ன? வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. கடைசியில் 1858-இல்தான், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளைகளால் முடியுமா? கல்லால்தான் முடியும்! (சிரிப்பு)

எதிரணி நண்பர் கேட்பார்: "டிரைப் எடுத்த படம் காப்பாற்றவில்லையா?" படம் எடுத்த மறு வருஷம், 1859-இல், நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. போன இடத்தில் மாளிகையிலா வைத்தார்கள்? 1867-இல் ஜேம்ஸ் பெர்குசன் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தது ஒரு கட்டடத்தின் குதிரை லாயத்தில்! அவற்றுக்கும் படம் எடுத்து, 1868-இல் பெரிய புத்தகமாகப் போட்டார். உலகமே வியந்தது. வியந்த உலகம் அமராவதியைக் காப்பாற்றியதா? 1880-இல் அரசு உத்தரவு போட்டு மிச்ச மேட்டையும் வாரினார்கள். அடுத்த வருஷம் முறையாக ஆராய ஜேம்ஸ் பர்ஜஸ் வந்தார். அங்கே இருந்தது ஒரு பெரிய பள்ளம்.

எவ்வளவு படம்! எவ்வளவு புத்தகம்! ஆனால் முழு ஸ்தூபியின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. கேமரா வரும்போது அப்பத்தா கண்ணை மூடிவிட்டார், ஐயா!

அப்படியானால் அது எப்படி இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? பழைய சிற்பி, ஸ்தூபியின் மேலேயே ஸ்தூபியைச் செதுக்கி வைத்தான். குவிமாடம், வேலி, வாயில், வணங்கும் மனிதர்கள் எல்லாம் அந்தக் கல்லிலே இருக்கிறது. முதல் படக்காரன் அவன்தான். அவன் கையில் கேமரா இல்லை, அக்கறை இருந்தது! (கைதட்டல்)

இப்போது இலங்கைக்கு வாருங்கள். 1870-71-இல் ஜோசப் லாட்டன் அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படம் எடுத்தார். பெரிய தாதுகோபங்கள் மரம் முளைத்த குன்றுகளாக நின்ற காலம் அது. படம் அருமை; மறுக்கவில்லை. ஆனால் அனுராதபுரத்து ருவன்வெலிசாயவை மறுபடி எழுப்பியது யார்? 1870-களில் நாரன்விட்ட சுமணசார என்ற பிக்கு வேலையைத் தொடங்கினார். பக்தர்கள் கை கொடுத்தார்கள். அவர் காலத்தில் முடியவில்லை. 1940-இல்தான் உச்சிக் கலசம் ஏறியது. அங்கேயும் கேமரா, இங்கேயும் கேமரா. ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் கோபுரம். நடுவிலே இருக்கிற வித்தியாசம் என்ன? மனிதன்தானே!

படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெக்கன்சியின் ஓவியமும் டிரைப்பின் படமும் இல்லையென்றால் என்ன இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. ஆனால், எதை இழந்தோம் என்று சொல்வது படம். இழக்காமல் பார்த்துக்கொள்வது மனம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது, வீட்டில் அப்பத்தா இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். அவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். அவர் கண் திறந்திருக்கும்போதே ஒரு படம் எடுங்கள்.

மனிதனின் அக்கறையே பழமையை வாழ வைக்கிறது என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.