தென்காசிப் பாளையங்களும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்

நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை என்று இன்றைய தென்காசி மாவட்டம் முழுக்கப் பாளையங்கள் இருந்த சீமை. 18ஆம் நூற்றாண்டில் இப்பாளையங்களின் வீரர்கள் பெரிதும் நம்பியது ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமான ஈட்டியை. வாளும் வளரியும் அதற்குத் துணை. இருந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை திரித் துப்பாக்கிகள். புகைந்துகொண்டே இருக்கும் கயிற்றுத் திரியைப் பற்றுவாய் மருந்தில் வைத்தால்தான் அவை வெடிக்கும். 1755இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், பாளையக்காரர் புலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் மண்கோட்டைக்கு முன் வந்து, பெரிய பீரங்கிகள் இல்லாமல் திரும்பிப் போனார். 1761இல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப்கான்தான் அதைப் பிடித்தார்.

கம்பெனிச் சிப்பாய் ஏந்தியது சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் கவ்விய சக்கிமுக்கிக் கல், விசையை இழுத்ததும் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ பற்றுவாய் வழியே குழலுக்குள் போகும். கம்பெனிக்கென இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியின் குழல் 39 அங்குல நீளம், உள்வாய் முக்கால் அங்குலம். குழலுக்குள் திருகுப்பள்ளம் கிடையாது. ஆகவே நூறு கெஜத்துக்கு அப்பால் குறி நிலைக்காது. ஆனால் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை கெட்டித்துச் சுடுவான். வரிசையாக நின்று சுடும் படைக்கு அது போதும். குற்றாலச் சாரலில் திரி அணைந்துவிடும். சக்கிமுக்கித் துப்பாக்கிக்கும் ஈரம் பகைதான் என்றாலும், கிண்ணத்துக்கு மூடி இருந்தது. மூட்டிய நெருப்பைக் கையோடு சுமக்க வேண்டியதில்லை என்பது இன்னும் பெரிய வசதி. 1797இல் பிரெஞ்சுப் போருக்குத் துப்பாக்கி போதாமல் திண்டாடிய பிரிட்டிஷ் அரசு, கம்பெனியின் இந்த வடிவத்தையே தன் படைக்கும் எடுத்துக்கொண்டது.

இதே குடும்பத் துப்பாக்கிகளோடுதான் அமெரிக்க விடுதலைப் போரும் நடந்தது. அங்கே 1795 மாதிரியாக அரசு ஆலையில் முதலில் செய்தது பிரெஞ்சுத் துப்பாக்கியின் நகல். திருகுப்பள்ளம் உள்ள 1803 ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி துப்பாக்கி பின்னால் வந்தது. ஆலையின் பெயரும் கழுகுச் சின்னமும் பூட்டுத் தட்டில் இருப்பதால் சேகரிப்பவர்கள் ஒவ்வொன்றின் பிறப்பையும் சொல்லிவிடுகிறார்கள். பின்னாளில், கல்லுக்குப் பதிலாக வெடிமருந்துத் தொப்பியைத் தட்டிச் சுடும் முறைக்கு மாற்றப்படாமல் தப்பியவற்றுக்கே அவர்களிடம் மதிப்பு அதிகம்.

தென்காசிச் சீமையில் அப்படி வீடுகளில் பெரும்பாலும் எதுவும் தங்கவில்லை. காரணம் ஆயுதப் பறிப்பு. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், பாளையக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். 1801இல் மீண்டும் போர் மூண்டு அடங்கிய பின், டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின. தலைமுறைகளாக ஊர்க்காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த மக்களிடமிருந்து அந்தத் தொழிலின் கருவி ஒரே வீச்சில் போயிற்று. இந்த இழப்பு வரலாற்று நூல்களில் போர்களுக்குக் கிடைத்த இடத்தைப் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தமிழ்நாட்டில் பழைய துப்பாக்கிகளைக் காண 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் இருந்து வந்தவை அங்கே உண்டு. கம்பெனித் துப்பாக்கிகளில் பூட்டுத் தட்டைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கலாம்: இதய வடிவ முத்திரை இருந்தால் 1808க்கு முந்தியது, பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால் பிந்தியது. நாட்டுக் கொல்லர் அடித்த துப்பாக்கிகளில் இத்தகைய முத்திரை ஏதுமில்லாததால், எந்தப் பாளையத்தைச் சேர்ந்தவை என்று துணிவது கடினம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழந்துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. சுடக்கூடியதாக இருந்தால் உரிமம் வேண்டும். பயிரைக் காக்க, முன்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.