நடுவண் அரசின் நகர்ப்புற நிதியுதவி (தென்காசி, குற்றாலம்)

நடுவண் அரசின் நகர்ப்புற நிதியுதவி என்பது இந்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் குடிநீர், கழிவுநீர், துப்புரவு, வீட்டுவசதி ஆகியவற்றுக்காக மாநில அரசுகளின் வழியே நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வழங்கும் நிதியாகும். முன்பு தனித்தனியே இயங்கிய இரு அமைச்சகங்கள் 2017-இல் இணைக்கப்பட்டு இவ்வமைச்சகம் உருவானது. தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி போன்ற சிறிய ஊர்களுக்கு இந்நிதி கிடைப்பது பெரும்பாலும் மக்கள்தொகையைப் பொறுத்தே அமைந்துள்ளது.

அதிகாரப் பகிர்வு

அரசியலமைப்பின்படி உள்ளாட்சி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரையறுத்தது. அமைச்சகம் விதிமுறைகளை வகுத்து, நிதியின் ஒரு பகுதியை அளிக்கிறது. தமிழ்நாட்டில் பெரிய குடிநீர்த் திட்டங்களை 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றுகிறது.

மக்கள்தொகை வரம்பு

2005-இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புத்துருவாக்கத் திட்டத்தின் முதன்மைப் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகியவை இடம்பெற்றன. சிறிய நகரங்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 2015 சூன் 25 அன்று தொடங்கப்பட்ட அம்ருத் திட்டம், பெரும்பாலும் 1 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 500 நகரங்களுக்கானது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70,000 மக்களைக் கொண்டிருந்த தென்காசி இவ்வரம்புக்குள் வரவில்லை. அன்றே தொடங்கப்பட்ட சீர்மிகு நகரத் திட்டத்தில், அக்காலத்தில் இவ்வூர்களின் மாவட்டத் தலைநகராக இருந்த திருநெல்வேலி பின்னர் தேர்வானது. தூய்மை இந்தியா திட்டத்திற்கு (2014) இத்தகைய வரம்பு இல்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்றுதான்.

குற்றாலத்தின் நிலை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஊரில் வசிப்போரை மட்டுமே எண்ணுகிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் குற்றாலத்திற்குச் சூன் முதல் ஆகத்து வரையான சாரல் பருவத்தில் அதனினும் பன்மடங்கு மக்கள் வருகின்றனர். அவர்களுக்கான குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றல் ஆகியவற்றின் சுமை பேரூராட்சியைச் சேர்கிறது. சிற்றாறு குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாகச் சென்று தாமிரபரணியில் கலப்பதால், இங்கு சேரும் கழிவு கீழ்ப்பகுதி மக்களையும் பாதிக்கக்கூடியது. பழைய குற்றால அருவி ஆயிரப்பேரி ஊராட்சியில் அமைந்துள்ளது. சிற்றூராட்சிகள் நகர்ப்புறத் திட்டங்களின் கீழ் வருவதில்லை.

அம்ருத் 2.0

2021 அக்டோபர் 1 அன்று ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கப்பட்ட அம்ருத் 2.0, குடிநீருக்கான மக்கள்தொகை வரம்பை நீக்கி, பேரூராட்சிகள் உட்பட அனைத்து நகர்ப்புற உள்ளாட்சிகளையும் உள்ளடக்கியது. நடுவண் அரசின் பங்கு பின்வருமாறு:

* 1 இலட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை: 50 விழுக்காடு
* 1 முதல் 10 இலட்சம் வரை: மூன்றில் ஒரு பங்கு
* 10 இலட்சத்துக்கு மேல்: 25 விழுக்காடு

இத்தொகை 20, 40, 40 விழுக்காடு என மூன்று தவணைகளில் விடுவிக்கப்படுகிறது. எஞ்சிய செலவை மாநில அரசும் உள்ளாட்சியும் ஏற்கவேண்டும். தகுதி வரம்பு நீங்கினாலும், சாரல் பருவத்தின் கூட்டத்தைக் கணக்கிட்டுத் திட்டம் தீட்டும் பொறுப்பு மாநில அரசையும் உள்ளாட்சியையுமே சார்ந்துள்ளது.